கல்லறையைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுபவர்களுக்கு

ஞாயிற்றுக்கிழமைகளில் சென்னையிலிருந்து பழவேற்காட்டுக்கு வரும் நண்பர்களே, வணக்கம்.

உங்கள் வழக்கம் எங்களுக்கு மனப்பாடம். பொன்னேரி தாண்டி வந்ததும் நேரே டச்சுக் கல்லறை. வாசலில் கல்லில் செதுக்கிய எலும்புக்கூட்டோடு ஒரு செல்ஃபி. பிறகு நண்டு வறுவல், அதிர்ஷ்டமிருந்தால் தூரத்தில் பூநாரை. இருட்டுவதற்குள் வண்டி கிளம்பிவிடும். வாருங்கள், நண்டு விற்றால் எங்களுக்கும் நல்லதுதான். ஊரின் கதையைக் கல்லறையோடு முடித்துக்கொண்டு போகிறீர்களே, அதுதான் மனசுக்கு ஒப்பவில்லை.

டச்சுக்காரர்கள் இங்கே வந்தது துணிக்காக. கிழக்குத் தீவுகளில் கிராம்பும் ஜாதிக்காயும் வாங்கப் போனால், அங்கிருந்தவர்கள் பண்டமாற்றாகக் கேட்டது சோழமண்டலக் கரைத் துணியை. அதனால்தான் 1613-இல் கெல்டிரியா கோட்டை எழும்பியது. 1690-இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்குப் போகும்வரை இந்தக் கரையில் அவர்களுடைய வியாபாரத்துக்குத் தலைமையிடம் இந்த ஊர்தான். வெடிமருந்தும் இங்கே செய்தார்கள். மனிதர்களை அடிமைகளாக்கிப் பட்டாவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) கப்பலேற்றவும் செய்தார்கள். அப்படிக் கப்பலேற்றப்பட்டவர்களுக்கு இங்கே ஒரு கல்கூடக் கிடையாது.

மலேசியாவில் சொந்தக்காரர்கள் இருந்தால் கேட்டுப் பாருங்கள். கட்டம் போட்ட கைலியை மலாய்க்காரர்கள் 'காயின் பெலிக்காட்' என்பார்கள். பெலிக்காட் எங்கள் ஊர்தான், ஆங்கிலத்தில் புலிகாட் என்கிறார்களே, அதே பழவேற்காடு! நெய்தவர்கள் பெயர் ஒன்றும் மிஞ்சவில்லை. ஊர்ப் பெயர் மட்டும் கடல் கடந்து யார் யார் இடுப்பிலோ இருக்கிறது.

இனி ஏரிக்கு வருகிறேன். உங்கள் கண்ணுக்கு அது வெறும் தண்ணீர். எங்களுக்கு அதில் வரப்பு உண்டு. 'பாடு' என்போம். இறால் ஓடும் இடங்களில் சுத்து வலை கட்ட, இன்ன நாள் இன்ன குப்பத்துக்கு என்று முறை வைத்திருக்கிறார்கள். குப்பத்துக்குள் யாருக்கு எந்த இடம் என்பது சீட்டுக் குலுக்கலில் முடிவாகும். கல்யாணமாகித் தலைக்கட்டாகச் சேர்ந்தவனுக்குத்தான் பங்கு. நல்ல இடம் ஒருவனுக்கே நிலைத்துவிடாமல் சுற்றிவரும். குறை இல்லாமல் இல்லை: பாடு இல்லாத சாதிக்காரர்களும் இதே ஏரியை நம்பித்தான் பிழைக்கிறார்கள், அந்த மனத்தாங்கல் இன்னும் தீரவில்லை. முகத்துவாரம் மணல் மேடிட்டு அடைத்துக்கொண்டால் கடல்நீர் உள்ளே ஏறாது, இறால் குஞ்சும் வராது. அந்த வருஷம் யாருக்கு எந்தப் பாடு விழுந்து என்ன?

ஊருக்குள் முஸ்லிம் பெண்கள் பனங்குருத்தைச் சீவி, காயவைத்து, சாயமேற்றிப் பெட்டி முடைகிறார்கள். நீங்கள் நூறு ரூபாய்க்குப் பேரம் பேசுகிற பெட்டி அதுதான். ஒருமுறை உட்கார்ந்து மூடி முடைவதைப் பாருங்கள், அப்புறம் விலை கேளுங்கள்.

இன்னொன்று. படகில் ஏற்றிப் போகச் சொல்லி எங்கள் பையன்களை நச்சரிக்காதீர்கள். 2011 கிறிஸ்துமஸ் அன்று இங்கே படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள், எல்லாரும் உங்களைப் போல் சுற்றிப்பார்க்க வந்தவர்கள். பூநாரையைக் கரையிலிருந்தே பார்க்கலாம்.

அடுத்த முறை விடியற்காலையிலேயே வந்துவிடுங்கள். வலை கரைக்கு வருகிற நேரம் அது. கல்லறை எங்கே போய்விடப் போகிறது?

இப்படிக்கு,
ஏரிக்கரைவாசி ஒருவன்