களப்பயணம் பாடத்தின் நடுவில் வரட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். பள்ளிக் களப்பயணங்கள் குறைந்துவருவது பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். வண்டிச் செலவு, பாதுகாப்பு, அனுமதிக் கடிதம் என்று அதில் அடுக்கியிருந்த தடைகள் எல்லாமே உண்மை. அவற்றோடு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நான் நடுநிலை வகுப்புகளுக்கு அறிவியல் எடுப்பவள். பல பள்ளிகளில் களப்பயணம் ஆண்டுக் கடைசியில், பாடமெல்லாம் முடிந்த பிறகு, பிள்ளைகளுக்குத் தரும் பரிசாகத்தான் வருகிறது. பார்த்ததை வைத்துப் பேச, எழுத, சந்தேகம் கேட்க அதற்கப்புறம் வகுப்பே இருப்பதில்லை. இப்படிப் போய்வருவதால் பயன் இல்லை என்று நிர்வாகம் முடிவுகட்டினால் அதை மறுத்துப் பேச நம்மிடம் என்ன இருக்கிறது?

குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கலங்கிய நீரில் படிகாரம் கரைந்ததும், கண்ணுக்குத் தெரியாத மண் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரளும். மெல்லக் கலக்கினால் திரள் பெரிதாகும். பிறகு கனம் தாங்காமல் அடியில் படியும். பாடப்புத்தகத்தில் இது இரண்டு வரி. நிலையத்தின் ஆய்வகத்திலோ ஒரே நீரை ஆறு குடுவைகளில் ஊற்றி, ஒவ்வொன்றிலும் வெவ்வேறு அளவு படிகாரம் சேர்த்து, எது குறைந்த அளவில் நன்றாகத் தெளிகிறது என்று பார்க்கிறார்கள். மழைக்குப் பின் நீர் அதிகம் கலங்கினால் அளவை மாற்ற வேண்டும். அந்தக் குடுவைகளின் முன் சிறு குழுவாக நிற்கும் பிள்ளைகள், “அளவு கூடினால் என்ன ஆகும்?” என்று தாமாகவே கேட்கிறார்கள். வேதியியலும் விகிதமும் அங்கே ஒரே கேள்வியாகிவிடுகின்றன. வகுப்பு முழுவதையும் ஒரே வரிசையில் நடத்திப் போனாலோ, பின்னால் நிற்கும் பிள்ளையின் காதில் மோட்டார் இரைச்சல் மட்டும்தான் விழும்.

எனவே போகுமுன் செய்யும் வேலைதான் முக்கியம். புது இடத்துக்கு வந்த பிள்ளை முதலில் அந்த இடத்தைத்தான் படிக்கும். கழிப்பறை எங்கே, எப்போது சாப்பிடுவோம், அந்தப் பெரிய இயந்திரம் என்ன என்றுதான் மனம் ஓடும். இதை 1970களிலேயே ஆய்வாளர்கள் கவனித்து எழுதியிருக்கிறார்கள். ஆசிரியர் முன்கூட்டி ஒருமுறை போய்ப் பார்த்து, படங்களைக் காட்டி, அன்றைய நேர ஒழுங்கைச் சொல்லிவிட்டால் அந்தத் தவிப்பு பெருமளவு அடங்கும். கோடிட்ட இடங்களை நிரப்பும் தாளை மட்டும் தயவுசெய்து கொடுக்காதீர்கள். அதைக் கையில் வாங்கிய பிள்ளை எதையும் பார்க்காது. பலகையில் எழுதியிருப்பதைத் தேடி அப்படியே பெயர்த்தெழுதும். ஆளுக்கொரு கேள்வி, அதுவும் பிள்ளை தானே எழுதியது, அது போதும்.

இதற்கெல்லாம் சான்று உண்டா என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் கிரிஸ்டல் பிரிட்ஜஸ் என்ற கலை அருங்காட்சியகம் 2011இல் திறக்கப்பட்டது. இருந்த இடத்தைவிட விண்ணப்பித்த பள்ளிக் குழுக்கள் அதிகம் என்பதால் குலுக்கலில் தேர்ந்தெடுத்தார்கள். அதனால் போன பிள்ளைகளையும் போகாதவர்களையும் பாரபட்சமின்றி ஒப்பிட முடிந்தது. ஏறத்தாழ 11,000 மாணவர்கள் அந்த ஆய்வில் இருந்தார்கள். ஒரு மணி நேரத்தில் அவர்கள் பார்த்துப் பேசியது பெரும்பாலும் ஐந்து ஓவியங்களை மட்டுமே. வாரங்கள் கழித்துக் கேட்டபோதும், மேப்பிள் மரத்தின் சாற்றிலிருந்து இனிப்புப் பாகு காய்ச்சுவோரைக் காட்டும் ஓவியத்தைப் பார்த்த பிள்ளைகளில் 88 சதவீதம் பேருக்கு அதன் செய்தி நினைவிருந்தது: அடிமை உழைப்பை நம்பியிருந்த சர்க்கரைத் தொழிலுக்கு எதிராகவே, சர்க்கரைக்கு மாற்றாக, ஓவியத்தில் உள்ளவர்கள் அந்தப் பாகைக் காய்ச்சினார்கள். கிராமப்புறப் பிள்ளைகளும் ஏழைப் பிள்ளைகளும் மற்றவர்களைவிட அதிகப் பயன் பெற்றார்கள் என்பதுதான் என் மனத்தில் ஆழப் பதிந்தது. செலவைக் காட்டிப் பயணத்தை நிறுத்தினால் முதலில் இழப்பவர்கள் இவர்களே.

வண்டியே கிடைக்காத பள்ளிக்கும் வழி இருக்கிறது. பிரான்சின் பள்ளி ஆசிரியர் செலஸ்தேன் ஃப்ரெனே முதல் உலகப் போரில் நுரையீரலில் காயம்பட்டவர். உரக்க நெடுநேரம் பேசிப் பாடம் நடத்த அவரால் இயலவில்லை. 1920களில் தன் கிராமப் பள்ளிப் பிள்ளைகளை வயலுக்கும் தொழிலாளர்களின் பட்டறைகளுக்கும் நடத்தியே கூட்டிப்போனார். திரும்பி வந்து பார்த்ததை அவர்களே எழுதினார்கள். பிறகு வகுப்பிலேயே ஒரு சிறு அச்சுப்பொறியை வைத்து அதை அச்சிட்டார்கள். நடந்து போகும் தூரத்தில் ஒரு தச்சரோ தீயணைப்பு நிலையமோ நூலகமோ இல்லாத பள்ளி அரிது. மாதம் ஒருமுறை, இரண்டு பாடவேளை போதும்.

பிள்ளைகளின் வீடுகளும் இதில் சேரும். அரிசோனாவின் டூசான் நகரில் ஆசிரியர்கள் மாணவர்களின் வீடுகளுக்கே போய், விவசாயம், சுரங்கம், கட்டட வேலை, மூலிகை மருத்துவம் என அக்குடும்பங்கள் அறிந்திருந்ததைக் குறித்துக்கொண்டார்கள். 1992இல் அந்த அனுபவம் வெளிவந்தது. மெக்சிகோ மிட்டாய் விற்றுக்கொண்டிருந்த ஒரு சிறுவனை அறிந்த ஆசிரியர், மிட்டாயையே பாடமாக்கினார். மாணவர் ஒருவரின் தாய் வகுப்புக்கு வந்து மிட்டாய் செய்து காட்டினார். தன் அம்மா பாடம் நடத்துவதைப் பார்க்கும் பிள்ளையின் முகத்தை எல்லா ஆசிரியர்களும் ஒருமுறையாவது பார்க்க வேண்டும்.

வருபவரிடம் “வந்து பேசுங்கள்” என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. எந்தப் பாடம் நடக்கிறது, பிள்ளைகள் என்ன கேட்கப்போகிறார்கள் என்று முன்பே சொல்லி, அவருடைய கருவிகளையும் கொண்டுவரச் சொல்ல வேண்டும். சக்கர நாற்காலியில் வரும் பிள்ளையால் போக முடியாத இடம் என்றால் வேறு இடம் பார்க்க வேண்டும். அந்தப் பிள்ளையை நூலகத்தில் உட்காரவைத்துவிட்டுப் போவது பெரிய அநியாயம்.

தங்கள் இதழிடம் ஒரு வேண்டுகோள். மாணவர்களை வரவேற்கத் தயாராக உள்ள நிறுவனங்களும் கைத்தொழிலாளர்களும் எந்த நாள், எந்த நேரம், ஒரு முறைக்கு எத்தனை பிள்ளைகள் என்று தெரிவிக்க, கல்வியாண்டின் தொடக்கத்திலேயே ஒரு பக்கம் ஒதுக்குங்கள். ஆண்டுத் திட்டம் எழுதும்போது அது கையில் இருந்தால், எந்தப் பாடத்தோடு எந்த இடம் என்று அப்போதே குறித்துவிடுவோம்.

இப்படிக்கு,
அறிவியல் ஆசிரியை ஒருவர்