அந்த ஒற்றைத் தாள் வேண்டாம்

அன்பு மகளுக்கு,

நானும் அம்மாவும் நலம். பிராங்க்பர்ட் பழைய புத்தகக் கடையில் நியூரம்பெர்க் வரலாற்று நூலின் தாள் ஒன்று விற்பனைக்கு வந்திருப்பதாகவும், என் எழுபதாவது பிறந்தநாளுக்குச் சட்டம் போட்டு அனுப்பவா என்றும் கேட்டிருந்தாய். நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். எழுத்து அழுந்திய பள்ளம்கூடத் தெரிகிறது. முப்பது வருஷம் ஈய எழுத்துக் கோத்தவனுக்கு அதைப் பார்த்த பிறகு தூக்கம் எங்கே வரும்? ஆனாலும் வேண்டாம், பாப்பா.

அந்த நூலை 1493-இல் அன்டன் கோபெர்கர் என்ற அச்சகக்காரர் அச்சடித்தார். ஜூலையில் லத்தீன் பதிப்பு, டிசம்பரில் ஜெர்மன் பதிப்பு. படங்கள் 1,800-க்கும் மேல், மரக்கட்டைகளோ ஏறத்தாழ 645தான். ஒரே கட்டையை ஓர் ஊருக்கும் வைத்து, இன்னோர் ஊருக்கும் வைத்திருக்கிறார்கள். நாங்களும் ஒரே பிள்ளையார் பிளாக்கை வருஷக்கணக்கில் கல்யாணப் பத்திரிகைகளுக்கு ஓட்டினோமே, அதனால் அவர்கள் பாடு எனக்குப் புரிகிறது.

என் மனசு போய் நிற்பது வேறோர் இடத்தில். அந்த நூலில் உலக வரலாறு 1493 வரை வந்ததும் சில தாள்களை வெறுமையாக விட்டிருக்கிறார்கள். உலகம் முடியும்வரை இனி நடப்பதை வாங்கியவரே எழுதிக்கொள்ளட்டும் என்றுதான். எத்தனை பெரிய மனசு! புத்தகத்தைப் பிரித்து விற்பவருக்கு அந்தத் தாள்களால் என்ன லாபம்? படம் இருக்கிற பக்கத்துக்குத்தானே காசு.

ஆயிரத்துக்கும் மேல் பிரதிகள் மிஞ்சியிருக்கின்றன, ஒன்றைப் பிரித்தால் என்ன என்பார்கள். ஐரோப்பாவில் ஈய எழுத்துக் கோத்து அச்சான முதல் பெரிய நூலான குட்டன்பர்க் பைபிள் சுமார் 180 அச்சாகி, இன்று ஐம்பதுகூட இல்லை. அதிலும் ஒரு பிரதியை 1921-இல் கேப்ரியல் வெல்ஸ் என்ற நியூயார்க் வியாபாரி தாள் தாளாக விற்றார். ஏற்கெனவே தாள்கள் சில இல்லாத குறைப்பிரதிதான் என்று சமாதானம் சொல்லலாம். எனக்கு அந்தச் சமாதானம் போதவில்லை.

உனக்கு உண்மையிலேயே ஆசை இருந்தால் இரண்டு மூன்று வருஷம் பணம் சேர். வெனிஸிலோ கொலோனிலோ அச்சான சின்னப் பிரசங்க நூலோ இலக்கண நூலோ, படமே இல்லாவிட்டாலும் சரி, முழுசாக வாங்கு. 1501-க்கு முன் ஐரோப்பாவில் அச்சான எல்லாமே இன்குனாபுலாதான், அச்சுக்கலையின் தொட்டில் பருவம்.

கையில் எடுத்ததும் கடைசிப் பக்கத்துக்குப் போ. அந்தக் காலத்தில் பல நூல்களுக்குத் தலைப்புப் பக்கம் கிடையாது. நம் ஏடுகளில் எழுதியவர் பேரும் நாளும் முடிவில் இருப்பதுபோல, அச்சிட்டவர், ஊர், தேதி எல்லாம் கடைசியில் நாலு வரியில் இருக்கும், எல்லா நூலிலும் இல்லாவிட்டாலும். அப்புறம் பாரம் பாரமாக, அதாவது மடித்துத் தைத்த ஒவ்வொரு கட்டாக, தாளை எண்ணு. பெர்லின் அரசு நூலகத்தின் இன்குனாபுலா பட்டியல் இணையத்தில் இருக்கிறது, அதோடு ஒப்பிட்டுப் பார். தாளை வெளிச்சத்தில் பிடித்தால் காகிதம் வார்த்த சல்லடையின் கம்பிக்கோடுகள் தெரியவேண்டும். கந்தல் துணிக் காகிதம் அது, நம் செய்தித்தாள் மாதிரிப் பழுக்காது. பத்தி தொடங்குமிடத்தில் சிவப்பு எழுத்துக்காக விட்ட இடம் காலியாக இருந்தால் குறையென்று நினைக்காதே. கையால் எழுத யாரும் வரவில்லை, அவ்வளவுதான். ஆனால் நூலக முத்திரையைச் சுரண்டிய தடம் இருந்தால், திருட்டுப் புத்தகமாக இருக்கலாம், கீழே வைத்துவிட்டு வந்துவிடு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மைன்ஸுக்கு ரயிலேறு. அங்கே குட்டன்பர்க் அருங்காட்சியகத்தில் அந்த பைபிள் இருக்கிறது. பத்திக்கு 42 வரி, இரண்டு ஓரமும் எப்படி நேராக நிற்கிறதென்று பார்த்துவிட்டு எனக்கு எழுது. பிறந்தநாளுக்கு அந்தக் கடிதம் வந்தால் போதும்.

அந்தக் கடைக்கு மறுபடி போனால் ஒன்று மட்டும் கேட்டுவை: இந்தத் தாளோடு சேர்ந்திருந்த மற்ற தாள்கள் இப்போது எங்கே?

அன்புடன்,
அப்பா