அந்த மூலையில் முதலில் உட்கார்ந்து பார், பாப்பா

பாசிர் ரிஸ், சிங்கப்பூர்
ஞாயிறு மாலை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நேற்று நீ அனுப்பிய காண்டிராக்டர் விலைப்பட்டியலை நானும் அம்மாவும் மூக்குக் கண்ணாடியை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு படித்தோம். ஹாலில் ஜன்னல் ஓர மூலைக்கு மட்டும் 2,400 சிங்கப்பூர் வெள்ளி! சுவரோடு சேர்த்து ஓர் இருக்கை, அடியில் இழுப்பறை, மேலே அலமாரி. படம் அழகாகத்தான் இருக்கிறது. அதில் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு ஒரு கையில் கோப்பி, மடியில் பூனை. உன் மடியில் பூனையா இருக்கப்போகிறது? இரண்டு வயதுப் பயல் அல்லவா ஏறி மிதித்துக்கொண்டிருப்பான்.

வாட்ஸ்அப்பில் பதில் போட்டால் ஆபீஸில் பாதி படித்துவிட்டுக் கட்டைவிரலை அனுப்பிவிடுவாய். அதனால் தாளில் எழுதி மாப்பிள்ளை கையில் கொடுத்தனுப்புகிறேன்.

கையில் மிச்சம் 400 வெள்ளிதான் என்று நீயே சொன்னாய். அது போதும். 27 வருடம் லாரியில் மேசை நாற்காலி சுமந்தவன் சொல்கிறேன். சுவரோடு கட்டியதை ஐந்தாறு வருடத்தில் உடைத்துக் கீழே இறக்கிய வீடுகளை நான் எண்ணிக்கூடப் பார்த்ததில்லை. பிள்ளை பிறந்திருக்கும், இல்லாவிட்டால் பெரியவர் யாராவது படுக்கையில் விழுந்திருப்பார். மூலையின் வேலை மாறிவிட்டது, பலகை மட்டும் மாறவில்லை.

நம் தோ பாயோ மூவறை வீட்டை நினைத்துப் பார். அதே ஜன்னல் மூலையில் முதலில் அம்மாவின் தையல் இயந்திரம் இருந்தது. நீ தொடக்கநிலை மூன்று போனதும் அது அறைக்குள் போய், உன் படிப்பு மேசை வந்தது. பாட்டிக்குக் கால் முடியாமல் போன பிறகு மேசையை நகர்த்திவிட்டு அவருடைய பிரம்பு நாற்காலியைப் போட்டோம். ஒரு ஆணி அடிக்கவில்லை. உனக்கு அந்த மூலை ஏன் பிடிக்கும் என்று கேட்டால், பாட்டி நாற்காலிக்குக் கீழே உட்கார்ந்து பிஸ்கட் தின்றதைத்தான் சொல்வாய்.

சரி, செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். ஒரு வாரத்துக்கு எதுவும் வாங்காதே. ஒரு பிளாஸ்டிக் முக்காலியை அந்த மூலையில் போட்டு, காலையில் பத்து நிமிடம், மாலை ஐந்து மணிக்குப் பத்து நிமிடம், பயல் தூங்கிய பிறகு பத்து நிமிடம் உட்கார்ந்து பார். உன் ஜன்னல் மேற்குப் பார்த்தது. நாலு மணிக்கு மேல் வெயில் நேரே முகத்தில் அடிக்கும். நீ வீட்டில் இருந்து வேலை பார்க்கிற இரண்டு நாளும் மடிக்கணினித் திரையில் உன் முகம்தான் தெரியும். அதனால் மேசை ஜன்னலைப் பார்த்தும் வேண்டாம், ஜன்னலுக்கு முதுகு காட்டியும் வேண்டாம், பக்கவாட்டில் இருக்கட்டும். இன்னொன்று, நம் ஊரில் சூரியன் ஒரே இடத்தில் மறைவதில்லை. ஜூனில் வடக்கே தள்ளிப் போகும், டிசம்பரில் தெற்கே தள்ளிப் போகும். இன்று நிழலாக இருக்கிற இடம் ஆறு மாதம் கழித்தும் நிழலாக இருக்கும் என்று நம்பிவிடாதே.

அப்புறம் தமிழ் முரசு. படித்து முடித்த தாள்களை எடுத்து வை. வாங்க நினைக்கிற நாற்காலி எத்தனை சென்டிமீட்டரோ, அந்த அளவுக்குத் தாளை வெட்டித் தரையில் ஒட்டு. மேசைக்கும் அப்படியே. இரண்டு நாள் அதைச் சுற்றி நட. சமையலறையிலிருந்து துணி காயப்போடப் போகும்போது கால் தாளை மிதித்தால், நாற்காலி அங்கே வந்த பிறகு முட்டி இடிக்கும். என்னோடு வேலை பார்த்த பையன்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். ஆனால் லிஃப்டுக்குள் நுழையாத சோபாவை 14 மாடி தூக்கிக்கொண்டு ஏறியதும் அதே பையன்கள்தான். லிஃப்ட் கதவு, வீட்டு வாசல் இரண்டையும் அளந்து போனில் குறித்து வைத்துக்கொள்.

காசை நாற்காலியில் போடு. புதிது வேண்டாம், பழைய சாமான் விற்கிற கேரோசெல் இணையத்தளத்தில் தேடு. வீடு மாறுகிறவர்கள் சாவி ஒப்படைக்கிற வாரத்தில் கிடைத்த விலைக்குத் தள்ளிவிடுவார்கள். ஐக்கியாவின் போயாங் நாற்காலி, அந்த வளைந்த மரக்கால் நாற்காலி, எப்போதும் யாராவது விற்றுக்கொண்டே இருப்பார்கள். நோபோரு நாகமுரா என்கிற ஜப்பானியர் 1976ல் வடிவமைத்தது. மெல்லிய மரத் தகடுகளை அடுக்கி ஒட்டி வளைத்திருப்பதால் உட்கார்ந்தால் லேசாக ஆடிக் கொடுக்கும். மெத்தை பழசானால் மெத்தையை மட்டும் புதிதாக வாங்கலாம். நான் எத்தனையோ சுமந்திருக்கிறேன், கால் உடைந்து பார்த்தது அபூர்வம். போலித் தோல் போட்டது எவ்வளவு மலிவாக வந்தாலும் தொடாதே. நம் ஊர் ஈரக்காற்றுக்கு அது சில வருடத்தில் செதில் செதிலாக உரிந்து, உட்கார்ந்து எழுந்தால் தொடையில் ஒட்டிக்கொண்டு வரும்.

வாங்கப் போனால் உட்கார்ந்து பார்ப்பதோடு நிறுத்தாதே. தலைகீழாகக் கவிழ்த்துப் பார். போன் விளக்கைப் போட்டு மெத்தையின் தையல் ஓரத்தை விரலால் பிரித்துப் பார். திருகாணிக் குழிகளையும் விடாதே. பேனா முனையால் குத்தியது போல் கரும்புள்ளிகள் வரிசையாக இருந்தால், விற்கிறவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் நன்றி சொல்லிவிட்டு நடையைக் கட்டு. மூட்டைப்பூச்சி. ஆள் இல்லாத வீட்டிலும் மாதக்கணக்கில் பட்டினியாகக் காத்திருக்கும். இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், நீ பிறப்பதற்கு முன்னால் புளோக்குக்குக் கீழே யாரோ வைத்துவிட்டுப் போன சோபாவை இலவசமாயிற்றே என்று நான் மேலே தூக்கி வந்தேன். இரண்டே வாரத்தில் கட்டில் மெத்தை வரைக்கும் போய்விட்டது. மெத்தை, சோபா, கட்டில் மூன்றையும் வீசினோம். அம்மா இன்றைக்கும் இலவசம் என்ற வார்த்தையைக் கேட்டால் என்னைத்தான் பார்க்கிறாள்.

அடுத்தது விளக்கு. காண்டிராக்டர் கூரையில் போட்டிருக்கிற வெள்ளை விளக்குப் பெட்டியில் 6500 கெல்வின் என்று எழுதியிருக்கும். அது கிளினிக்குக்கு நல்லது. மூலைக்கு 2700 அல்லது 3000 என்று போட்ட எல்இடி பல்பு வாங்கு, 9 வாட் போதும், மஞ்சளாக எரியும். நிற்கும் விளக்காக இருக்கட்டும். நாற்காலிக்குப் பக்கத்தில், கொஞ்சம் பின்னால் தள்ளி வை. உட்கார்ந்தால் பல்பு கண்ணுக்குத் தெரியக்கூடாது, மடியில் இருக்கிற புத்தகத்தில் மட்டும் வெளிச்சம் விழ வேண்டும். ராத்திரி கூரை விளக்கை அணைத்துவிட்டு இதை மட்டும் போட்டுப் பார். 2,400 வெள்ளிக்கு அவர்கள் படத்தில் காட்டியதில் பாதி இந்த வெளிச்சம்தான். விளக்கும் எக்ஸ்டென்ஷன் வயரும் வாங்கும்போது சேஃப்டி மார்க் என்கிற பாதுகாப்பு முத்திரை ஒட்டியிருக்கிறதா என்று பார். அதில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது.

வேலைக்கு மடக்கு மேசை போதும், உயரம் 73 முதல் 75 சென்டிமீட்டர். வேலை முடிந்ததும் மடக்கிச் சோபாவுக்குப் பின்னால் செருகிவிடு. கணினி கண்ணில் படாமல் இருந்தால்தான் அது உன் மூலை, இல்லாவிட்டால் ஆபீஸ். ஆனால் வேலை பார்க்க அந்தப் போயாங்கில் உட்காராதே, சாப்பாட்டு மேசை நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்.

தரைக்கு அடர்ந்த முடி வைத்த கம்பளம் வேண்டாம். விடிகாலையில் காற்றின் ஈரம் 90 விழுக்காட்டைத் தாண்டுகிற ஊர் இது, பூஞ்சை வாடை வந்துவிடும். சித்தப்பா அடுத்த மாதம் ஈரோட்டிலிருந்து வருகிறார், பவானி ஜமக்காளம் ஒன்று கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். மெத்தை உறை பற்றி நான் பேசப்போவதில்லை. அம்மா அதற்குள் சேலைப் பெட்டியைத் திறந்து சுங்குடிச் சேலை இரண்டை வெட்டிவிட்டாள்.

செடி வைக்க ஆசைப்படுவாய். மணி பிளாண்ட் வை. ஆனால் பாட்டில் தண்ணீரை ஒருநாள் விட்டு ஒருநாள் மாற்று, தட்டில் தேங்க விடாதே. டெங்கி பரப்புகிற ஏடிஸ் கொசுவுக்கு ஒரு மூடி தண்ணீர் போதும்.

ஒன்று மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஜன்னலுக்கு கிரில் போடும் வரைக்கும் நாற்காலியோ முக்காலியோ ஜன்னலை ஒட்டி இருக்கக்கூடாது. நீ உட்கார்ந்து பார்க்கிற முக்காலியையும் எழுந்ததும் எடுத்து அறைக்குள் வைத்துவிடு. பயலுக்கு ஏறத் தெரிந்துவிட்டது. போன வாரம் இங்கே டிவி மேசையில் ஏறி எனக்குக் கையசைத்தான்.

புத்தகத்துக்கு ஒரு பலகை அடிக்க வேண்டும் என்றாயே, அதை நான் அடித்துத் தருகிறேன். பாம் ஷெல்ட்டர் சுவர், அதாவது வீட்டுக்குள் இருக்கிற அந்தப் பதுங்கு அறையின் சுவர் வேண்டாம், பக்கத்துச் சுவரில் அடிப்போம். ஞாயிற்றுக்கிழமை டிரில் போடக்கூடாது, அதனால் வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு வருகிறேன். அன்றைக்கு நீ வீட்டில்தானே வேலை? எத்தனை மணிக்கு உனக்கு மீட்டிங் இல்லை என்று மட்டும் சொல்லி அனுப்பு.

அன்புடன்,
அப்பா