பல்வலி அடங்கியதும் சிகிச்சையை விட்டுவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பல் மருத்துவர் ‘ரூட் கெனால்’ (பல்வேருக்குள் ஓடும் குழாயைச் சுத்தம் செய்து அடைக்கும் சிகிச்சை) என்று வாயெடுத்ததுமே, “மாத்திரையிலேயே சரியாகாதா?” என்றுதான் பலரும் கேட்கிறார்கள். மாத்திரையில் வலி அடங்கிவிட்டால் திரும்பி வருவதில்லை. ஏற்காடு எஸ்டேட்களிலிருந்தும் நாகலூர், வாழவந்தி பக்கமிருந்தும் இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி சேலம் வர வேண்டியவர்களுக்கு ஒரு நாள் கூலி போய்விடும் என்பதால் இது இன்னும் அதிகம். இதனால் காப்பாற்றியிருக்கக்கூடிய பற்கள் வீணாகப் போகின்றன. அதைப் பற்றி உங்கள் வாசகர்களுக்குச் சில விவரங்களைச் சொல்ல விரும்புகிறோம்.

பல்லின் வெளிப்பக்கம் எனாமல், அதற்குள் டென்டின், நடுவில் ரத்தக்குழாயும் நரம்பும் நிறைந்த மென்மையான பல்கூழ். சொத்தை எனாமலிலோ டென்டினின் மேல்பகுதியிலோ இருக்கும்வரை சுரண்டி எடுத்து அடைத்தால் போதும். பல்கூழில் அழற்சி ஏறும்போதுதான் கேள்வி வருகிறது. குளிர்ந்த தண்ணீர் பட்டால் சுரீர் என்று கூசி, சில விநாடிகளில் தானாக விட்டுவிட்டால் பல்கூழ் பெரும்பாலும் மீளும். சூடான காபி குடித்த பிறகு வலி நிமிடக்கணக்கில் நின்று வலித்தால், தூண்டுதல் எதுவும் இல்லாமலே வலி கிளம்பினால், ராத்திரி படுத்ததும் கூடி எழுந்து உட்கார்ந்தால் குறைந்தால், பல்கூழ் மீளும் நிலையைத் தாண்டிவிட்டது என்று சந்தேகிக்க வேண்டும். சிலருக்கு எந்தப் பல் வலிக்கிறது என்றே காட்டத் தெரியாது. கீழ்ப்பல் வலி காதில் தெறிக்கும்.

இதற்கடுத்த கட்டம்தான் ஏமாற்றுவது. ஒருநாள் வலி சட்டென்று நின்றுவிடும். கிராம்பு எண்ணெய் வேலை செய்தது, மாத்திரை கேட்டது என்று நிம்மதி அடைவார்கள். உண்மையில் பல்கூழ் செத்துப்போயிருக்கும். நரம்பு செத்ததால் வலி இல்லை. கிருமிகள் வேரின் நுனி வழியாக எலும்புக்குள் இறங்கத் தொடங்கும். மாதக்கணக்கில் ஒன்றும் தெரியாமல் இருந்து, பிறகு ஈறில் சிறு கொப்புளமாகச் சீழ் எட்டிப் பார்க்கும். வேர் நுனியில் எலும்பு கணிசமாகக் கரைந்த பிறகுதான் எக்ஸ்-ரேயில் கருநிழல் தெரியும். ஆகவே ‘எக்ஸ்-ரே சுத்தமாக இருக்கிறது’ என்பதை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது.

மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ஆன்டிபயாடிக் ஏன் போதாது? செத்த பல்கூழுக்குள் ரத்த ஓட்டம் கிடையாது. மருந்து ரத்தத்தில் போனாலும் கிருமி இருக்கும் குழாய்க்குள் போய்ச் சேராது. சுற்றியுள்ள வீக்கம் வேண்டுமானால் வடியும். முகம் வீங்கினாலோ காய்ச்சல் இருந்தாலோ ஆன்டிபயாடிக் தேவைப்படலாம். வெறும் பல்வலிக்கு அதைத் தின்பதில் பயனில்லை.

அதேசமயம், வலிக்கிற பல்லுக்கெல்லாம் ரூட் கெனால் தேவை என்பதும் தவறு. குளிர் வைத்துப் பார்ப்பது, பல்லைத் தட்டிப் பார்ப்பது, ஈறை அழுத்திப் பார்ப்பது, பக்கத்துப் பல்லோடு ஒப்பிடுவது, எக்ஸ்-ரே எடுப்பது ஆகிய எல்லாம் சேர்ந்துதான் முடிவு. இவற்றில் எதையும் செய்யாமல் யாராவது ரூட் கெனால் என்று சொன்னால், ஏன் என்று தயங்காமல் கேளுங்கள். சொத்தை ஆழமாக இருந்தும் பல்கூழ் உயிரோடு இருந்தால் எம்.டி.ஏ. போன்ற மருந்துச் சிமென்ட் வைத்துக் காப்பாற்றும் வழி உண்டு. சேலத்துக்காரர்களுக்குத் தட்டுவடை, முறுக்கு, கொட்டைப்பாக்கு எல்லாம் பிடித்தமானவை. கடினமானதைக் கடித்து விரிசல் விட்ட பல், கடிக்கும்போதைவிடக் கடியை விடும்போது சுரீரென்று வலிக்கும். விரிசல் வேர் நீளத்துக்கும் ஓடிவிட்டால் ரூட் கெனால் செய்தும் பிரயோஜனமில்லை.

சிகிச்சை இப்படித்தான் நடக்கும். முதலில் மரத்துப்போக ஊசி. அழற்சி உச்சத்தில் இருக்கும் கீழ்க் கடைவாய்ப் பல் எளிதில் மரத்துப்போகாது. வலி தெரிந்தால் கையை உயர்த்துங்கள், கூடுதல் ஊசி போட்டுத் தொடரலாம். பிறகு எச்சில் உள்ளே போகாமலும் மருந்தோ கருவியோ தொண்டைக்குள் போகாமலும் தடுக்க, ரப்பர் டேம் என்ற மெல்லிய ரப்பர் விரிப்பைப் பல்லைச் சுற்றி மாட்ட வேண்டும். அது இல்லாமல் செய்வதை நாங்கள் ஏற்பதில்லை. பல்லின் மேல்புறத்தில் துளையிட்டு, 10-ஆம் எண் ஃபைலை (ஊசி போன்ற மெல்லிய அரம்) வேர்க்குழாயில் இறக்குவார்கள். அதன் நுனி 0.10 மில்லிமீட்டர்தான். குழாயின் நீளத்தை எலக்ட்ரானிக் கருவியாலும் எக்ஸ்-ரேயாலும் அளந்து, நுனிக்கு அரை முதல் ஒரு மில்லிமீட்டர் முன்னாலேயே நிற்க வேண்டும். அதைத் தாண்டினால் திசு காயப்படும். முன்கூட்டியே நின்றுவிட்டால் கிருமி மிஞ்சும். ஃபைல் பாதையைத்தான் அகலப்படுத்துகிறது. உண்மையான சுத்தம், சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலால் திரும்பத் திரும்பக் கழுவுவதில்தான் இருக்கிறது. கடைசியில் கட்டா பெர்ச்சா என்ற இளஞ்சிவப்புக் குச்சிகளைப் பசையோடு வைத்துக் குழாயை அடைப்பார்கள்.

எங்கே தவறுகிறது? பெரும்பாலும் கண்டுபிடிக்காமல் விட்ட குழாயில். முன்பல்லுக்குப் பொதுவாக ஒரு குழாய். கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கு மூன்று, சில சமயம் நான்கு. மேல் முதல் கடைவாய்ப் பல்லில் கன்னப்பக்கத்து முன்வேரில் இரண்டாவது குழாய் ஒன்று பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு உண்டு. ஒளிந்திருக்கும் அதைத் தவறவிட்டால் ஒரு வருடம் கழித்து வலி திரும்பும். வளைந்த குழாயில் ஃபைல் உடைந்து மாட்டுவதும் உண்டு. அப்படி உடைந்தால் நோயாளியிடம் சொல்லிவிட வேண்டும் என்பதே எங்கள் கருத்து.

நோயாளி பக்கத்தில் நடக்கும் பெரிய தவறு, இரண்டு சிட்டிங்குக்கு நடுவில் காணாமல் போவது. தற்காலிக ஃபில்லிங் இரண்டு மூன்று வாரத்துக்குத்தான் தாங்கும். அது கழன்றால் எச்சில் உள்ளே போய், செய்த சுத்தம் அத்தனையும் பாழ். மலையிலிருந்து வருபவர்கள் இதை முதல் நாளே மருத்துவரிடம் சொல்லுங்கள். சீழ் வடியாத பல்லாக இருந்தால் ஒரே சிட்டிங்கில் முடிக்க முடியுமா என்று கேளுங்கள். சந்தை நாளோடு சேர்த்தாவது அடுத்த தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள்.

சிகிச்சை முடிந்த பல்லின் மேல் கேப் (உறை) போடாமல் விடுவதும் அப்படித்தான். சொத்தையும் சிகிச்சைத் துளையும் போக மிஞ்சியிருக்கும் கடைவாய்ப் பல்லின் சுவர் மெலிந்தது, மெல்லும்போது பிளந்துவிடும். முன்பல்லுக்குச் சேதம் குறைவாக இருந்தால் கேப் இல்லாமலும் சமாளிக்கலாம். ஈறுக்கு மேலே சுற்றிலும் சுமார் 2 மில்லிமீட்டர் நல்ல பல் மிஞ்சவில்லையென்றால் கேப் நிற்பதே சிரமம். அத்தகைய பல்லையும், ஈறு நோயால் நன்றாக ஆடும் பல்லையும் பிடுங்குவதே நல்லது. மேல்பல்லைப் பிடுங்கினால் கண் போய்விடும் என்பதில் உண்மையில்லை.

சிகிச்சைக்குப் பிறகு கடிக்கும்போது ஓரிரு நாள் வலிப்பது இயல்பு. வீக்கம் கூடிக்கொண்டே போனால் காத்திருக்கக் கூடாது. தாடைக்கு அடியில் கழுத்துவரை வீக்கம், வாய் திறக்க முடியாமை, எச்சில் விழுங்கச் சிரமம், மூச்சு முட்டல் இருந்தால் கிளினிக் திறக்கும்வரை பொறுக்காமல், நள்ளிரவானாலும் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனை போன்ற அவசரச் சிகிச்சை உள்ள இடத்துக்கே நேரே போங்கள். உயிருக்கே ஆபத்தான நிலை அது.

சர்க்கரை நோயாளிகள் சாப்பிட்டுவிட்டு, வழக்கமான மாத்திரையும் போட்டுக்கொண்டு வரலாம். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் தாமாக அதை நிறுத்தாதீர்கள். மருத்துவரிடம் சொன்னால் போதும். கர்ப்பிணிகள் எத்தனையாவது மாதம் என்று சொல்ல வேண்டும்.

முடித்ததும் கடைசி எக்ஸ்-ரேயின் நகலையும், எத்தனை குழாய் அடைத்தார்கள் என்று எழுதிய சீட்டையும் கேட்டு வாங்கி வையுங்கள். ஆறு மாதம், ஒரு வருடம் கழித்து எடுக்கும் எக்ஸ்-ரேயை அதோடு ஒப்பிட்டால்தான் எலும்பு வளர்ந்திருக்கிறதா என்று தெரியும்.

இப்படிக்கு,
பல் மருத்துவர்கள் சிலர்,
அஸ்தம்பட்டி, சேலம்.