44 பல்லுக்கு எத்தனை லிங்க்?

சென்னை, அம்பத்தூர்

அன்புள்ள சேகர்,

கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று படித்ததும் நிம்மதி. இங்கே ஐப்பசி மழை வழக்கம்போல. தெருவில் தண்ணீர் வடிவதற்குள் அடுத்தது கொட்டுகிறது. பெரியவள் கல்லூரிக்குப் போகிறாள், சின்னவன் என் வண்டிச் சாவியை நோட்டம் பார்க்கிறான்.

சரி, உன் பைக் செயின் விஷயம். செயின் செய்கிற ஊரிலேயே இருக்கிறேன் என்று என்னிடம் கேட்டிருக்கிறாய் போல! கோத்தகிரி ஏற்றத்துக்காகப் பின் ஸ்பிராக்கெட்டை, அதாவது செயின் ஓடும் பல்சக்கரத்தை, 42 பல்லிலிருந்து 44 ஆக்குவது நியாயம்தான். முன்னால் 14 பல் அப்படியே இருந்தால் இழுவை ஏறக்குறைய 5 சதவீதம் கூடும். கடைக்காரர் "அதே 120 லிங்க் போதும்" என்கிறாராம்; லிங்க் என்றால் செயினின் ஒரு கண்ணி. கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

உன்னுடையது 428 செயின். லிங்க்குகளைக் கோக்கும் ஒரு பின்னிலிருந்து (pin) அடுத்த பின்னுக்கு அரை அங்குலம், அதாவது 12.7 மி.மீ. இரண்டு ஸ்பிராக்கெட் மையங்களுக்கும் நடுவே 580 மி.மீ. என்று எழுதியிருக்கிறாய். அதை இரட்டிப்பாக்கி 12.7 ஆல் வகுத்தால் 91.3. பற்களைக் கூட்டிப் பாதி எடுத்தால் 29. ஒன்று பெரிது, ஒன்று சிறிது என்பதால் செயின் சாய்வாக ஓடும்; அதற்கு அரை லிங்க். ஆக 120.8.

121 போட முடியாது. உள் தகடும் வெளித் தகடும் மாறி மாறி வருவதால் எண்ணிக்கை இரட்டைப்படையில்தான் முடியும். வளைந்த அரை லிங்க் ஒன்றைச் செருகலாம்தான், ஆனால் செயினில் முதலில் அறுந்துபோகும் இடம் அதுவே. மலையில் அந்த வேலையே வேண்டாம்.

மிச்சம் 120 அல்லது 122. 120 என்றால் பின் ஆக்சில் (பின் சக்கர அச்சு) நீ அளந்த இடத்திலிருந்து சுமார் 5 மி.மீ. முன்னே வர வேண்டும். 122 என்றால் 7 மி.மீ. பின்னே போக வேண்டும். முன்னே இடம் இருந்து, டயர் எதிலும் உரசாவிட்டால் 120 போடு, கடைக்காரர் சொன்னது சரி. இல்லையென்றால் 122. அப்போது பின்னே போதிய இடம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள். செயின் 2 சதவீதம் நீண்டால் மாற்ற வேண்டிய கட்டம். அதற்குள் ஆக்சில் இன்னும் 15 மி.மீ. பின்வாங்கியிருக்கும்.

பழைய செயினைப் பக்கத்தில் வைத்து அளந்து வெட்டாதே. பின்னும் அதைச் சுற்றிய புஷ்ஷும் தேய்ந்து அது நீண்டிருக்கும். லிங்க்கை எண்ணு. தொய்வை மெயின் ஸ்டாண்டில் மட்டும் பார்த்து நம்பாதே. ஒருவரை உட்காரவைத்துப் பார். முன் ஸ்பிராக்கெட், ஸ்விங் ஆர்ம் (பின் சக்கரத்தைத் தாங்கும் கை) சுழலும் போல்ட், பின் ஆக்சில் மூன்றும் ஒரே கோட்டில் வரும்போதுதான் செயின் மிக இறுக்கம். அங்கேயும் கொஞ்சம் தொய்வு மிஞ்ச வேண்டும். செயினின் இரு முனைகளையும் இணைக்கும் லிங்க்கில் மாட்டும் லாக் கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடும் திசையில் இருக்கட்டும்.

புதுப்பேட்டையில் பழைய ஸ்பிராக்கெட் மலிவாகக் கிடைக்கும், வாங்கி அனுப்பு என்று கேட்காதே. தேய்ந்த பல் புதுச் செயினைத் தின்றுவிடும்.

அப்புறம், தை மாதம் நீங்கள் இங்கே வருவது உறுதியா? முன்னாடியே சொல், மாடி அறையைக் காலி செய்து வைக்கிறேன்.

அன்புடன்,
முரளி