கண்ணியைப் போட்டுவிட்டுப் போன படகு

தூத்துக்குடி

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் போன மாதமே வந்துவிட்டது. கண்புரை ஆபரேஷன் முடிந்து படிக்கக்கூடாது என்று சொல்லியிருந்ததால் மருமகள்தான் வாசித்துக் காட்டினாள். உன் பேத்தி நடக்க ஆரம்பித்த இடத்தை மட்டும் இரண்டு தடவை வாசிக்கச் சொன்னேன். இப்போது பார்வை பளிச்சென்று இருக்கிறது. வீட்டுச் சுவரில் இத்தனை அழுக்கு இருப்பதே இப்போதுதான் தெரிகிறது.

கண் தெளிந்ததும் முதலில் படித்தது முதல் உலகப்போர் நீர்மூழ்கிகளைப் பற்றி. அதில் யுசி-5 என்ற ஒன்று என்னைப் பிடித்துக்கொண்டது. ஜெர்மன் கப்பல் என்றாலே நமக்கு எம்டன்தானே. இதை எம்டன் பக்கத்தில் நிறுத்தினால் நீ சிரித்துவிடுவாய். 34 மீட்டர் நீளம், 14 ஆட்கள். நாம் வேலை பார்த்த இழுவைப்படகு, அந்த டக்கைவிடக் கொஞ்சம்தான் நீளம். நீருக்குமேல் 6 நாட், அதாவது மணிக்குச் சுமார் 11 கிலோமீட்டர், சைக்கிள் வேகம். டார்பிடோ ஒன்றுகூடக் கிடையாது. இருந்ததெல்லாம் 12 கண்ணிவெடி.

முன்பக்கத்தில் ஆறு குழாய்கள் சாய்வாக இறங்கும், ஒவ்வொன்றிலும் இரண்டு கண்ணி. குழாய்க்குள் எப்போதும் கடல்நீர் நிற்பதால் உள்ளேயிருந்து கண்ணியைத் தொட முடியாது. எந்த ஆழத்தில் மிதக்க வேண்டும் என்பதைத் துறைமுகத்திலேயே முடிவுசெய்து வைத்துவிட வேண்டும். கண்ணி நங்கூரத்தோடு அடியில் போய் உட்காரும். உப்புநீரில் ஓர் அடைப்பு மெல்லக் கரையும். கரைந்து முடிந்ததும் கண்ணி கம்பியோடு மேலே எழும். அதற்குள் படகு நகர்ந்துவிட வேண்டும். அடைப்பு அவசரப்பட்டால் தலைக்கு மேலே இருப்பது தன் படகுதான். இதே வகையைச் சேர்ந்த யுசி-12, 1916 மார்ச்சில் இத்தாலியின் டாரண்டோ அருகே தன் கண்ணியாலேயே போனது. தான் வெட்டிய குழி என்பது இதுதான்.

யுசி-5 பெல்ஜியத்தின் புரூஜ் பக்கமிருந்து கிளம்பி, இங்கிலாந்துக் கரையோரம் கண்ணியைப் போட்டுவிட்டுத் திரும்பிவிடும். ஒரு வருஷத்துக்குள் ஏறக்குறைய 30 கப்பல்கள். 1915 நவம்பர் 17 அன்று ஆங்கிலியா என்ற மருத்துவக் கப்பல் காயம்பட்ட சிப்பாய்களோடு பிரான்சிலிருந்து டோவருக்கு வந்துகொண்டிருந்தது. ஃபோக்ஸ்டோன் அருகே கண்ணியில் மோதியது. முன்பக்கம் மூழ்க, பின்பக்கம் தூக்கிக்கொண்டு நிற்க, புரொப்பல்லர் மட்டும் சுற்றிக்கொண்டே இருந்ததாம். படுக்கையோடு கட்டிக்கிடந்தவர்கள் என்ன செய்வார்கள், சொல். 130 பேருக்கு மேல் போய்விட்டார்கள். காப்பாற்ற வந்த நிலக்கரிக் கப்பலும் கண்ணியில் மாட்டி மூழ்கியது. அதன் பெயர் லூசிடேனியா. பிரபலமான அந்த லூசிடேனியா இல்லை, வேறு ஒன்று.

எனக்கு உறுத்துவது ஒன்றுதான். அந்த 14 பேரும் ஆங்கிலியாவைப் பார்க்கவே இல்லை. போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அப்போது கேப்டனாக இருந்த புஸ்ட்குஹன் பிறகு வேறு படகுக்கு மாறி, 1916 மார்ச்சில் சசெக்ஸ் என்ற பயணிகள் கப்பலை டார்பிடோவால் அடித்தான். அது பெரிஸ்கோப்பில் பார்த்து அடித்தது. அமெரிக்காவே கொதித்து எழுந்தது அதற்குத்தான். கண்ணிக்கு யாரும் அந்த அளவு கோபப்படவில்லை என்பதுதான் எனக்கு வேடிக்கையாக இருக்கிறது.

யுசி-5 படகின் முடிவு இன்னும் வேடிக்கை. 1916 ஏப்ரல் 27 அன்று இங்கிலாந்தின் ஹாரிச் பக்கத்து மணல்திட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டது. வெடி வைத்துத் தகர்க்கப் பார்த்தும் முழுதாக உடையவில்லை. பிரிட்டிஷ்காரர்கள் பிடித்து இழுத்துவந்து லண்டனில் தேம்ஸ் கரையில் காட்சிக்கு வைத்தார்கள். அப்புறம் துண்டுபோட்டு நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்குக்கே கொண்டுபோய்விட்டார்கள், போர்க் கடன் பத்திரம் விற்க! பொருட்காட்சிக்குக் கூட்டம் சேர்க்கிற மாதிரிதான்.

சரி, மார்கழியில் வருகிறேன் என்றாயே, உறுதிதானே? வரும்போது டக்கின் மேல்தளத்தில் நாம் நின்று எடுத்த அந்தப் பழைய போட்டோ உன்னிடம் இருந்தால் கொண்டுவா. எட்டிப் பார்த்தால் மறுமுனை தெரிந்துவிடும் அதில். அந்த அளவுக்குள் 14 பேர் எப்படிப் படுத்திருப்பார்கள் என்று பார்க்க வேண்டும்.

அன்புடன்,
செல்வராஜ்