அடுக்களையில் மூன்று கிழங்கள்

அன்புள்ள செல்வம்,

முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் நிம்மதி. கொஞ்ச நாளைக்கு மாடி ஏறாதே.

பருவநிலை மாற்றத்தைப் பற்றி இங்கிலாந்தில் நாடகம் போட்டால் பிரசாரமாகத்தானே இருக்கும் என்று கேட்டிருந்தாய். சிலது அப்படித்தான். 2014-இல் லண்டன் ராயல் கோர்ட் அரங்கில் கிறிஸ் ராப்லி என்ற விஞ்ஞானி நாற்காலியில் உட்கார்ந்து பேசினார், அவ்வளவுதான். பெயர் '2071'. அவருடைய மூத்த பேரக்குழந்தைக்கு அவருடைய அன்றைய வயது ஆகும் வருடம் அது. மனிதர் மேல் மரியாதை வருகிறது, ஆனால் நாடகம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அதை அவரோடு சேர்ந்து எழுதிய டங்கன் மேக்மில்லன், அதற்கு முன்பே 'லங்ஸ்' எழுதியிருந்தார். ஐக்கியா என்ற மரச்சாமான் கடையின் வரிசையில் ஒரு ஜோடி, குழந்தை பெற்றுக்கொள்வதா வேண்டாமா என்று பேச்சை எடுக்கிறது. ஒரு குழந்தை என்றால் 10,000 டன் கார்பன் டை ஆக்சைடு, ஈஃபில் கோபுரத்தின் எடை என்கிறாள் அவள். செட் இல்லை, கையில் ஒரு பொருள் இல்லை. பெர்லினில் கேட்டி மிட்செல் இயக்கியபோது நடிகர்கள் சைக்கிள் மிதித்தபடியே வசனம் பேசினார்கள். மேடைக்கான மின்சாரம் அந்த மிதியிலிருந்து வந்தது!

என்னை விடாமல் பிடித்துக்கொண்டது லூசி கிர்க்வுட்டின் 'தி சில்ட்ரன்' (2016). இங்கிலாந்தின் கிழக்குக் கடற்கரையில் ஒரு சின்ன வீடு. பக்கத்து அணுமின் நிலையம் விபத்தில் நாசமாகிவிட்டது. ஓய்வுபெற்ற விஞ்ஞானிகளான ஹேசலும் அவள் கணவன் ராபினும், கரண்ட் வரும் நேரம் பார்த்துச் சமைத்து வாழ்கிறார்கள். ஹேசல் யோகா செய்கிறாள், சாலட் நறுக்குகிறாள், இன்னும் நெடுநாள் வாழ்ந்துவிடும் உறுதியோடு. 38 வருடம் கழித்து, கூட வேலை பார்த்த ரோஸ் வந்து நிற்கிறாள். பழைய காதல் கணக்கு என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும்போதே வந்த காரணத்தைச் சொல்கிறாள்: உள்ளே இளம் பிள்ளைகள் கதிர்வீச்சில் வேலை செய்கிறார்கள். உலையைக் கட்டியவர்கள் நாம். அவர்களை அனுப்பிவிட்டு நாம் உள்ளே போவோம்.

கதை அணு உலையைப் பற்றியது, சரி. ஆனால் நாம் எரித்த பெட்ரோலுக்கும் நிலக்கரிக்கும் விலை கொடுக்கப்போவது யார் என்பதை, எந்தப் புள்ளிவிவரமும் இல்லாமல், ஓர் அடுக்களையில் கேட்டுவிடுகிறது. பார்த்த இரவு என் பிள்ளைகளோடு போனில் இயல்பாகப் பேச முடியவில்லை.

மூன்றே பாத்திரங்கள், மூவரும் அறுபதைத் தாண்டியவர்கள். நம் பழைய குழுவில் ஆள் இருக்கிறது. பிரதியை அனுப்புகிறேன். படித்துவிட்டு, ரோஸ் கூப்பிட்டால் நீ போவாயா என்று எழுது.

அன்புடன்,
ராமு